வாட்ச்மென் பக்கத்தைத் துண்டு போடாதீர்கள்

டிசி காமிக்ஸ் பதிப்பாசிரியர்களுக்கும் மின்பதிப்பு வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

1986-87ல் 12 இதழ்களாக நீங்கள் வெளியிட்ட 'வாட்ச்மென்' காமிக்ஸ் தொடரிலிருந்து பின்னால் வந்த சூப்பர் ஹீரோ கதைகள் பெரும்பாலும் இருட்டைத்தான் எடுத்துக்கொண்டன. ரத்தம், கசப்பு, மனம் சிதைந்த முகமூடி மனிதர்கள். எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் ஒரு பக்கத்தை எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. கற்க விரும்புகிறவருக்கு அந்தப் பக்கம் முழுசாகக் கிடைக்க வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று படக் கட்டம், ஆக ஒன்பது. கதையின் அடித்தளம் இதுதான். இரண்டு மூன்று கட்டங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினால் அந்தக் கணம் கனக்கிறது. கைப்பேசியில் கட்டம் கட்டமாகக் காட்டும் முறை இந்தக் கணக்கையே அழித்துவிடுகிறது, ஏனென்றால் திரையில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு. 12ஆம் அத்தியாயம் அடுத்தடுத்து ஆறு முழுப்பக்கப் படங்களோடு தொடங்குகிறது: நியூயார்க் தெருவெங்கும் பிணங்கள். அதுவரை சின்னக் கட்டங்களுக்குப் பழகிய கண் அங்கே அதிர்ந்து நிற்க வேண்டும். கைப்பேசியிலோ அந்த முழுப்பக்கமும் முந்தைய ஒன்பதில் ஒரு கட்டமும் ஒரே உயரத்தில் வந்து போகின்றன.

5ஆம் அத்தியாயத்துக்கு இன்னும் பெரிய சேதம். அதன் 28 பக்கங்களும் கண்ணாடி பிம்பம்போல அடுக்கப்பட்டவை. முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் திரும்பும், இரண்டாவது 27ல் திரும்பும். நடுவில் 14, 15 எதிரெதிரே இருக்க, தன்னைச் சுட வந்தவனை முன்னாள் முகமூடி வீரர் ஏட்ரியன் வைட் அடித்து வீழ்த்துகிறார். இதே அத்தியாயத்தில் முன்னாள் வில்லன் மோலாக்கின் அறையைப் பாருங்கள். வெளியே விளம்பர விளக்கு எரிந்து எரிந்து அணைவதால் கட்டம் விட்டுக் கட்டம் வெளிச்சமும் இருளும் மாறுகின்றன. முழுப் பக்கமாகப் பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி. தனித்தனிக் கட்டமாகப் பார்ப்பவருக்கு அந்தப் பலகையே இல்லை.

எனவே மின்பதிப்பில் ஒவ்வொரு பக்கமும் முதலில் முழுசாகத் தெரியட்டும். வாசகர் தொட்ட பிறகே கட்டம் பெரிதாகட்டும். படுக்கைவாக்கில் திருப்பினால் 14, 15 சேர்ந்து வரட்டும்.

அச்சில், ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் பக்கமும் வலப்புறம் விழ வேண்டும். இடையில் ஒற்றைப் பக்க விளம்பரமோ வெற்றுத்தாளோ நுழைந்தால் 14 வலப்புறம் போய்விடும், 15ஐப் பார்க்கத் தாளைப் புரட்ட வேண்டும். பசை பைண்டிங் வேண்டாம், தையல் பைண்டிங் போடுங்கள். பசையில் ஒட்டிய தடித்த புத்தகம் விரித்து நிற்காது, உள் ஓரத்துக் கட்டங்கள் மடிப்புக்குள் போய்விடும்.

2024ல் வந்த சிறிய அளவுப் பதிப்பு குறைந்த விலையில் புது வாசகர்களிடம் போய்ச் சேர்ந்ததை மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் வழக்கமான காமிக்ஸ் அளவைவிட அகலமும் உயரமும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. கிப்பன்ஸ் தன் கையால் எழுதிய வசனங்களும் அதே அளவு சுருங்கிவிட்டன. படத்தோடு சேர்ந்த எழுத்தைத் தனியே பெரிதாக்க முடியாது என்பது தெரியும். ஆனால் முதல் 11 அத்தியாயங்களின் இறுதியில் வரும் உரைநடைப் பகுதிகளை அடுத்த அச்சில் பெரிய எழுத்தில் மறுபடி கோக்கலாம். கண் வலித்தால் அவற்றைத்தான் முதலில் தாண்டிவிடுவார்கள். முகமூடிக்காரர்களின் பழைய வரலாறு பாதி அங்கேதான் இருக்கிறது.

வண்ணம் பற்றி ஒன்றே ஒன்று. தொடருக்கு வண்ணம் தீட்டிய ஜான் ஹிக்கின்ஸ் முதலில் ஊதா, ஆரஞ்சு, பச்சை என்று கலப்பு நிறங்களை முன்னிறுத்தினார். 2005 பெரிய பதிப்புக்கு அவரே மறுபடி வண்ணம் திருத்தினார். கையிலிருப்பது எந்த வண்ணம் என்று உரிமைப் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர்கள்