தேய்ந்த சப்பாத்துக்கும் ஒரு விலை வேண்டும்: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் ஆசிரியை. கிரவல் வீதியில் நாள்தோறும் நடந்துவரும் பிள்ளையின் கன்வஸ் சப்பாத்து ஓராண்டு தாக்குப்பிடிப்பதே அரிது. புதியது வந்ததும் பழையது வளவு மூலையில் குப்பையோடு எரிகிறது. பீ.வி.சி. எனும் பிளாஸ்டிக்கால் ஆன சப்பாத்து அடிகள் எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயுவும் டையொக்சின்கள் எனும் நச்சுப் பொருட்களும் வெளிவருகின்றன. குரோமியத்தால் பதனிட்ட தோல் எரிந்தால், அதன் நச்சுமிக்க வடிவமான அறுவலுவுக் குரோமியம் சாம்பலில் தங்கக்கூடும். அத்தகைய சாம்பல் கிணற்றடியில் கிடக்கக் கண்ட பிறகே இதை எழுதத் துணிந்தேன்.

எரிக்க வேண்டாமென்று சொல்லலாம். ஆனால் கொடுக்க ஓர் இடமும், கொடுத்தால் சில ரூபாயும் கிடைக்காதவரை அதை யார் கேட்பார்கள்?

ஒரு சப்பாத்தில் தோல், துணி, நுரை, இறப்பர், உலோகம், பசை என 40க்கும் மேற்பட்ட பொருட்கள் ஒட்டிக் கிடக்கலாம். இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சப்பாத்துகளை அரைத்துத் துகள்களைக் காற்றோட்டத்தால் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். நைக்கி நிறுவனம் 1990களின் தொடக்கத்திலிருந்து பழைய விளையாட்டுச் சப்பாத்துகளை அரைத்து ஓடுபாதைகளுக்கும் விளையாட்டுத் தரைகளுக்கும் பயன்படுத்தி வருகிறது. ஆகவே தொழினுட்பம் இருக்கிறது. இடிப்பது கணக்குத்தான்: துகளின் விலையை அதன் தூய்மையே தீர்மானிக்கிறது, கலப்புத் துகளை விற்று அரைவைக் கூலியையும் லொறிக் கூலியையும் ஈடுசெய்வது கடினம்.

எனவே இயந்திரம் வாங்குவதற்கு முன் தரம்பிரிப்புக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். பீ.வி.சி. செருப்பை உருக்கி மீண்டும் வார்க்கலாம். கந்தகமிட்டு இறுக்கிய இறப்பர் உருகாது, ஆயினும் பொடியாக்கித் தரைவிரிப்புகளுக்குச் சேர்க்கலாம். இரண்டும் ஒரே சாக்கில் கலந்துவிட்டால் இரண்டுமே மதிப்பிழக்கும். எது எதுவெனக் கையில் எடுத்ததும் சொல்லக்கூடியவர், சந்தியில் குடையின் கீழ் அமர்ந்து சப்பாத்துத் தைப்பவர். அவருக்குச் சோடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், தைத்து மீண்டும் அணியக்கூடியவற்றை அவரே முதலில் பிரித்தெடுத்துவிடுவார். அரைத்த துகளைவிட அவ்வாறு தைத்த சோடிக்கே கூடிய விலை கிடைக்கும் என்பதால், முழு முயற்சியின் செலவையும் தாங்கக்கூடிய பகுதி அதுவே. வேறெங்கும் சோடி பிரிந்த சப்பாத்துக்குப் பெறுமதியில்லை. போரில் ஒரு காலை இழந்தோர் பலர் வாழும் எங்கள் மண்ணில் ஒற்றைச் சப்பாத்தைத் தேடுவோரும் உண்டு. அவற்றையும் அளவுவாரியாக ஒதுக்கி வையுங்கள்.

ஒரு சபை தனித்துச் சேர்க்கும் சில மூட்டைகளுக்காக எந்தக் கொள்வனவாளரும் தெற்கிலிருந்து வரமாட்டார். கரைச்சி முதல் புதுக்குடியிருப்பு வரையான சபைகள் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, ஏ9 வீதியில் சரக்கிறக்கித் திரும்பும் லொறிகளில் ஏற்றியனுப்பினால் போக்குவரத்துச் செலவு வெகுவாகக் குறையும். அப்போதும் கன்வஸ் சப்பாத்தில் நட்டம் எஞ்சும் என்றே நினைக்கிறேன். அதை உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் ஏற்க வேண்டுமென்று நீங்கள் ஒன்றுகூடித் தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வாண்டு மூன்றாம் தவணை முடிவில் எங்கள் மாணவர்கள் பழைய சப்பாத்துகளைச் சோடியாகக் கட்டி, வகைவகையாகச் சாக்குகளில் நிரப்பி வைப்பார்கள். சபையின் உழவு இயந்திரத்தை ஒருநாள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கிளிநொச்சி.