ஊசி குத்திய மக்காச்சோளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மரபணு மாற்றிய மக்காச்சோளம் பற்றிய கட்டுரை படித்தேன். "புழுவையே கொல்லும் சோளம் மனிதனை விட்டுவைக்குமா?" என்று கேட்டுவிட்டு, பதிலே சொல்லாமல் முடித்திருக்கிறார்கள். பக்கத்தில் கதிரில் ஊசி குத்திய படம் வேறு. கீழ் வீட்டு அக்கா பேரனுக்குச் சோளம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

தாங்கள் அறியாததல்ல. அந்தச் செடியில் இருப்பது பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் புரதம். புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அதில் கரைந்து குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் சில நாளில் சாகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்தப் புரதம் ஒட்ட நம் குடலில் இடமும் இல்லை. அதே செடியில் அப்பிக்கிடக்கும் அசுவினிப் பூச்சிக்கே ஒன்றும் ஆவதில்லை.

என் மைத்துனர் பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போடுகிறார். 2018இல் படைப்புழு வந்தபோது அங்கே இருந்தேன். குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம், அதற்குள் தலையில் தலைகீழ் 'ஒய்' குறியோடு புழு. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு குருத்துக் குருத்தாக மருந்தடித்தார். அன்று இரவு சோறு இறங்கவில்லை அவருக்கு. பிலிப்பீன்ஸ் 2002லேயே அனுமதித்த இந்த வகை மக்காச்சோளம் இந்தியாவில் இன்னும் கிடையாது. அவர் மூச்சில் போன விஷத்தைப் பற்றி உங்கள் கட்டுரையாளருக்குக் கவலையில்லை போலும்.

குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் உண்மையான குறை இருக்கிறதே! போர்ட்டோ ரிக்கோவில் 2006இலேயே படைப்புழு இப்படிப்பட்ட ஒரு ரகத்தைத் தின்றும் சாகாமல் இருந்தது. அதற்காகத்தான் அமெரிக்காவில் வயலில் ஒரு பங்கு சாதாரண மக்காச்சோளம் போடச் சொல்கிறார்கள். அங்கே பிழைக்கும் அந்துப்பூச்சிகள், எதிர்ப்புச் சக்தி பெற்றவற்றோடு இணைசேர்ந்தால் அது சீக்கிரம் பரவாது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

உங்களுக்கு இது புதிதும் இல்லை. டெங்கியை ஒடுக்க சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா கொண்ட ஆண் கொசுக்களை விட்டபோது 'மரபணு மாற்றிய கொசு' என்று தலைப்புப் போட்டீர்கள். அது மரபணு மாற்றியதல்ல, ஆண் கொசு கடிக்கவும் கடிக்காது என்று எழுதினேன். நாலு வரியாக நறுக்கி, ராசிபலனுக்குக் கீழே போட்டீர்கள். மிக்க நன்றி.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போதும். அதுவும் முடியாதென்றால், இணையத்தில் இருக்கும் அந்த ஊசிப் படத்தையாவது எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள், தெரியும். மைத்துனர் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்