பேபி ஜேனில் தொடங்குங்கள்: கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

பழைய ஹாலிவுட் நாயகிகள் வயதான பிறகு நடித்த உளவியல் திகில் படங்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். ராபர்ட் ஆல்ட்ரிச் 1962இல் இயக்கிய 'வாட் எவர் ஹேப்பண்ட் டு பேபி ஜேன்?' படத்தைப் பாருங்கள். ஜேனாக நடித்த பெட்டி டேவிஸுக்கும், அவள் சகோதரி பிளான்ச்சாக நடித்த ஜோன் கிராஃபோர்டுக்கும் இருந்த பகையைப் பற்றி இப்போதைக்கு எதையும் படிக்க வேண்டாம். வம்பு மனதில் ஏறிவிட்டால் நடிப்பு கண்ணில் படாது.

இளமையை எப்படிக் காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். கதை 1935இல் நடக்கும்போது, ஜேன் சொதப்பிய படம் என்று ஸ்டுடியோக்காரர்கள் போட்டுப் பார்ப்பது டேவிஸ் 1933இல் நிஜமாகவே நடித்த 'பாராசூட் ஜம்பர்', 'எக்ஸ்-லேடி' படங்களின் துண்டுகள். பிளான்ச் டிவியில் ரசிக்கும் தன் பழைய படம், கிராஃபோர்டின் 'சேடி மெக்கீ' (1934). நடுவில் ஓடிப்போன வருடங்களுக்கு எந்த மேக்கப்பும் தேவைப்படவில்லை.

ஜேனின் மேக்கப்பை டேவிஸே தீர்மானித்தார். ஜேன் முகம் கழுவாதவள், நேற்றைய பவுடரின் மேலேயே இன்றைய பவுடரை அப்புகிறவள் என்பது அவர் கணக்கு. திட்டுத்திட்டாக வெள்ளைப் பூச்சு, அப்பிய கண்மை, கன்னத்தில் இதய வடிவ மச்சம். சிறுமியாக மேடையில் பாடிய பாட்டை மறுபடி பாடிக்கொண்டே வெளிச்சத்துக்குள் வந்து, கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்து அலறுகிறாள். எனக்கு எலி வரும் சாப்பாட்டுத் தட்டைவிட இதுதான் பயங்கரம். ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் ஹாலர், 'ஜெசபெல்' (1938) படத்தில் டேவிஸையும் 'மில்ட்ரெட் பியர்ஸ்' (1945) படத்தில் கிராஃபோர்டையும் அழகாகக் காட்டியவர். சுருக்கத்தை மறைக்கத் தெரிந்த அதே கைதான் இங்கே மறைக்காமல் விடுகிறது. டிவியில் பிரைட்னஸை ஏற்றாதீர்கள். கறுப்பு வெளுத்து, அந்தத் திட்டுகள் கரைந்துவிடும்.

அடுத்து வில்லியம் காஸில் இயக்கிய 'ஸ்ட்ரெய்ட்-ஜாக்கெட்' (1964). ஐம்பதைத் தாண்டிய கிராஃபோர்டே தொடக்கக் காட்சியில் இருபது வயது குறைந்தவராக வருகிறார். எடுபடவே இல்லை. ஆனால் பிறகு மகள் அவருக்கு அதே கறுப்பு விக், பூப்போட்ட உடை, கலகலக்கும் வளையல்களை மாட்டிவிடும்போது, அந்தப் பொருந்தாமையே கதைக்குப் பலமாகிவிடுகிறது. வளையல் சத்தத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

'ஹஷ்... ஹஷ், ஸ்வீட் சார்லட்' (1964) கடைசியில் இருக்கட்டும். உடல்நலக் குறைவால் கிராஃபோர்ட் விலக, ஒலிவியா டி ஹாவிலண்ட் வந்தார். அவர் குரலை உயர்த்தாமல் பேசும் இடங்களில்தான் திகில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே வெட்டுக்கத்திக் கொலை வரும், பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.