பால்தேநீரின் மேல் மட்டும் பழி போடாதே

திருகோணமலை

அன்புள்ள யோகன்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் கோட்டை மான்கள்கூட நிழலை விட்டு அசைவதில்லை. மற்றப்படி எல்லோரும் சுகம். இனி உன் வயிற்றுக்கு வருகிறேன்.

காலையில் பால்தேநீர் குடித்தால் வயிறு ஊதுகிறது, சில நாள் ஓட்டமும் பிடிக்கிறது, பாலில் இருக்கும் சீனியான லாக்டோஸ் ஒத்துக்கொள்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆய்வுகூடத்திலேயே தலை நரைத்தவன் என்பதால் கேட்கிறாய். உன்னைப் போன்ற நீரிழிவுக்காரருக்கு அந்தப் பரிசோதனை பொருந்தாது என்பதே என் எண்ணம்.

அதில் வெறும் வயிற்றில் 50 கிராம் லாக்டோஸைக் கரைத்துக் குடிக்கத் தருவார்கள். குடலில் லாக்டேஸ் என்னும் நொதியம் போதிய அளவு இருந்தால் அதைக் குளுக்கோஸாகவும் கலக்டோஸாகவும் பிரித்துவிடும். குளுக்கோஸ் இரத்தத்தில் சேரும். இரண்டு மணி நேரத்துக்குள் பல முறை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சீனி ஏறினால், லாக்டோஸ் சமிபாடடையவில்லை என்று கொள்வார்கள். வேடிக்கையைப் பார்த்தாயா? சீனி ஏறக்கூடாது என்றே இத்தனை காலம் பயந்தவனுக்கு, இங்கே ஏறினால்தான் நல்ல செய்தி! உனக்கோ இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், கொஞ்சம் குளுக்கோஸ் உள்ளே போனாலும் அளவு உயர்ந்துவிடலாம். லாக்டேஸ் குறைபாடு இருந்தும் இல்லை என்று முடிவு வரும். மறுபக்கமும் உண்டு. நீண்டகால நீரிழிவால் இரைப்பையின் நரம்புகள் பழுதுபட்டிருந்தால் குடித்தது மெதுவாகவே குடலுக்கு இறங்கும். சீனி உரிய நேரத்தில் ஏறாது. இல்லாத குறைபாட்டை இருப்பதாக எழுதிவிடுவார்கள்.

மூச்சில் ஹைட்ரஜன் பார்க்கும் பரிசோதனை இதைவிட மேல். சமிக்காத லாக்டோஸைப் பெருங்குடல் பக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகி, இரத்தத்தின் வழியே மூச்சில் வெளியேறும். இரத்தச் சீனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் முதல்நாள் இரவு பருப்பு, பயறு கூடாது, வெள்ளைச் சோறு தாராளமாகச் சாப்பிடலாம் (நீரிழிவுக்காரனுக்கு இப்படி ஒரு சலுகை!). முந்திய நான்கு வாரங்களில் அன்ரிபயோற்றிக் எடுத்திருக்கக் கூடாது. நீரிழிவுக்காரர் சிலருக்குச் சிறுகுடலிலேயே பக்டீரியாக்கள் பெருகிவிடுவதுண்டு. அப்போது இதுவும் பொய் சொல்லும். இரவு முழுக்கப் பட்டினி இருக்க வேண்டும் என்பதால், காலையில் போடும், சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசையை என்ன செய்வது என்று வைத்தியரிடம் முன்னரே கேட்டுக்கொள். பட்டினி வயிற்றில் அதைப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருந்தால் சீனி இறங்கி மயங்கிவிடுவாய்.

ஆனால் எனக்குச் சந்தேகம் வேறு. 50 கிராம் லாக்டோஸ் என்பது ஒரு லீற்றர் பாலில் இருக்கும் அளவு. நீ காலையில் போடுவது இரண்டு கரண்டி பால்மா. அதில் நாலைந்து கிராமுக்கு மேல் இராது. லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை தாங்குவார்கள். அப்படியிருக்க, ஒரு கோப்பைத் தேநீரா உன்னை இந்தப் பாடு படுத்துகிறது? தேநீரோடு என்ன விழுங்குகிறாய் என்று யோசித்தாயா? மெற்போமின், உன் நீரிழிவுக் குளிசை! வயிற்றுப் பொருமலும் ஓட்டமும் அந்தக் குளிசைக்குக் கைவந்த கலை. நீயாக நிறுத்திவிடாதே. உணவோடு எடுக்கலாமா, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று கேள்.

வைத்தியர் சம்மதித்தால் முதலில் வீட்டிலேயே பார். குளிசையை மாற்றாமல் இரண்டு வாரம் பால், பால்மா, ரின்பால் எல்லாவற்றையும் விடு, வெறுந்தேநீர் குடி. பிறகு ஒரு குவளைப் பால் குடித்துப் பார். வயிறு எப்படி இருந்தது, சீனி எவ்வளவு என்று கொப்பியில் எழுது. பால் விட்டும் பொருமல் போகவில்லை என்றால் பால்தேநீர் குற்றவாளியல்ல. லாக்டோஸ் நீக்கிய பால் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். அதில் சீனி குறைவு என்று எண்ணிவிடாதே. லாக்டோஸை முன்கூட்டியே குளுக்கோஸாகவும் கலக்டோஸாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் கூடுதலாக இனிக்கிறது.

அடுத்த மாதம் வருவதானால் குளிசைப் பெட்டியையும் கொப்பியையும் மறக்காமல் கொண்டுவா. வரும் வழியில் கந்தளாயில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கு. தயிரில் பக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை ஏற்கனவே தின்றுவிடுவதால் உனக்கும் ஒத்துக்கொள்ளும். தயிருக்கு ஊற்றும் இனிப்பான கித்துள் பாணி எனக்கும் மனைவிக்கும் மட்டும்.

அன்புடன்,
சிவம்