ஈரல்ல கட்டின்னு ரிப்போர்ட் வந்தா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரல்ல இருக்க கட்டி கேன்சரா இல்லையான்னு ஊசி குத்தாமலே டிஃப்யூஷன் எம்ஆர்ஐ காட்டிரும்னு போன வாரம் உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க. படிச்சு சந்தோஷப்பட்டேன், ஆனா அதுல விஷயம் பாதிதான் வந்திருக்கு, மீதி பாதிய எங்க வீட்டுலயே பாத்துட்டதால எழுதுறேன்.

எங்க அம்மைக்கு 58 வயசு, விடியுமுன்னே ரப்பர் பால் வெட்ட போறவங்க. பித்தப்பையில கல்லு இருக்கான்னு பாக்க எடுத்த அல்ட்ராசவுண்ட்ல, ஈரலுக்கு வலது பக்கம் 3 சென்டிமீட்டர்ல ஒரு கட்டி, கேன்சர் இல்லன்னு உறுதி பண்ண மேல டெஸ்ட் எடுக்கணும்னு இங்கிலீஷ்ல ஒரு வரி. அந்த சென்டர்ல ஒருத்தரும் விளக்கி சொல்லல, எங்களுக்கு புரிஞ்சது கேன்சர்ங்கற ஒரு வார்த்தைதான். எம்ஆர்ஐ எடுக்க 9 நாளாச்சு, அந்த 9 நாளும் அம்மை அடுப்பு பத்த வைக்கல, சித்தி வந்து கஞ்சி வச்சு குடுத்தாங்க, நான் திருவனந்தபுரத்துல யார பாக்கலாம்னு போன் போட்டுட்டே கெடந்தேன்.

எம்ஆர்ஐ பாத்த டாக்டர்தான் உக்கார வச்சு சொன்னாரு. கட்டிக்குள்ள இருக்க தண்ணி எவ்வளவு தாராளமா அசையுதுன்னு இந்த ஸ்கேன் பாக்குது. சுசீந்திரம் தேரோட்டத்தன்னைக்கு ரத வீதியில நின்னா நாலு அடி நகர முடியுமா, அந்த மாதிரி கேன்சர் செல் நெருக்கி அடைஞ்சு கெடக்குற எடத்துல தண்ணிக்கு அசைய வழி இருக்காது. பி வேல்யூன்னு, தண்ணி அசைவ எவ்வளவு கூர்மையா பிடிக்கணும்ங்கற ஒரு அளவ 0, 50ன்னு ஆரம்பிச்சு 800 வரைக்கும் ஏத்தி படம் எடுப்பாங்க, தண்ணி தாராளமா ஓடுற எடம் மங்கிப்போவும், அடைபட்ட எடம் வெளிச்சமாவே நிக்கும். ஆனா ஹீமாஞ்சியோமான்னு சொல்ற சாதாரண ரத்தக்குழாய் கட்டியும் சில நேரம் 800லயும் வெளிச்சமா நின்னு ஏமாத்துமாம், அதனால தண்ணி எவ்வளவு அசையுதுன்னு நம்பரா கணக்கு போட்டு காட்டுற ஏடிசி மேப்பையும் சேத்து பாக்கணும், பெரும்பாலான கேன்சர் கட்டி அதுல கறுப்பா தெரியும். அம்மைக்கு அந்த மேப்புல வெளிச்சமா இருந்துது, ஏடிசி 1.9. கேன்சர்னா பெரும்பாலும் 1, 1.3 பக்கம் வரும், நீர்க்கட்டின்னா 2.5க்கு மேலயும் போவும், ஆனா மெஷினுக்கு மெஷின் நம்பர் மாறும்னாரு. அதோட மருந்து ஏத்தி எடுத்த படத்துல ஓரத்துல இருந்து மெல்ல மெல்ல உள்ள நெறஞ்சிருக்கு, ஈரல் கேன்சருக்கு வழிவிடுற ஹெப்பட்டைட்டிஸ் பியும் ஈரல் சுருக்கமும் அம்மைக்கு கெடையாது, எல்லாத்தையும் சேத்து பாத்துதான் ஹீமாஞ்சியோமான்னு சொன்னாரு. வெறும் ஒரு நம்பர வச்சு சொல்லல.

இத நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. என் கூட படிச்ச பிள்ளையோட அப்பா, கொளச்சல்காரரு, அவருக்கு காய்ச்சலோட ஈரல்ல கட்டி, ஏடிசில நல்ல கறுப்பு. வீடே அழுதுட்டு கெடந்துது. கடைசில பாத்தா சீழ்கட்டி, ட்யூப் போட்டு எடுத்துட்டாங்க, இப்ப மறுபடி கடலுக்கு போறாரு. கெட்டியான சீழும் தண்ணிய அசைய விடாது. சாதாரண கட்டிலயே எஃப்என்ஹெச், அடினோமான்னு செல் நெறஞ்ச கட்டி உண்டு, அதோட நம்பர் கேன்சர் நம்பரோட கலந்துரும். அதே மாதிரி உள்ள அழுகின கேன்சரும், சளி மாதிரி சுரக்குற கேன்சரும் ஏடிசில வெளிச்சமா தெரிஞ்சு நல்ல கட்டி மாதிரி தப்பிச்சிரும். இதயத்துக்கு பக்கத்துல இருக்க இடது பக்க ஈரல்ல துடிப்புனால அளவே தப்பா வரலாம்.

இந்த முறைய கொண்டுவந்த பிரான்ஸ்காரரு டெனி லே பியான் 1980கள்ல மொதல்ல கேட்டதே இதே கேள்விதான், ஈரல்ல கேன்சரையும் ரத்தக்குழாய் கட்டியையும் பிரிக்க முடியுமான்னு. மூச்சு ஆட்டத்துல அன்னைக்கு இருந்த மெஷின்ல படம் சரிவரல, அவரு மூளை பக்கம் போயிட்டாரு, மெஷின் வேகமானதுக்கு பெறகுதான் ஈரலுக்கு திரும்பி வந்துது. இந்த டிஃப்யூஷன் படத்துக்கு மட்டும்னா மருந்து ஊசி வேண்டாம், கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு அது பெரிய உதவி.

அதனால அடுத்த தடவ போடும்போது, இது மத்த படத்தோட சேத்து பாக்க வேண்டியது, சந்தேகம் தீரலன்னா ஊசி குத்தி கட்டில இருந்து துளி சதை எடுத்து பாக்குற பயாப்சி எடுத்துத்தான் ஆகணும்னும் சேத்து போடுங்க, ஊசி வேண்டாம்னு படிச்சுட்டு யாராவது பயாப்சிக்கு பயந்து மாட்டேன்னுட்டா ஆபத்து. நம்ம மாவட்டத்து ஸ்கேன் சென்டர்காரங்களுக்கும் உங்க பேப்பர் வழியா ஒரு வேண்டுகோள், ஈரல்ல கட்டின்னு ரிப்போர்ட் குடுக்கும்போது, கட்டி எல்லாம் கேன்சர் கெடையாது, அடுத்து இந்த டாக்டர பாருங்கன்னு தமிழ்ல ரெண்டு வரி எழுதி பின் பண்ணி குடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.