பெயிண்ட் டப்பா யார் வாங்குவது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ எல்லை தாண்டிய சுற்றுலாத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருப்பதாக எழுதியதைப் படித்ததும், போன கோடையில் நாம் நடந்த 'பீக்ஸ் ஆஃப் தி பால்கன்ஸ்' மலைப்பாதைதான் ஞாபகத்துக்கு வந்தது.

தெத் கிராமத்திலிருந்து ஏறி வூசன்யே பக்கம் இறங்கினோமே, அல்பேனியா எங்கே முடிந்து மாண்டினீக்ரோ எங்கே தொடங்கியது என்றே எனக்குத் தெரியவில்லை. எல்லைக் கல்லை நீதான் காட்டினாய். அதற்கு முன்பே, வழியில், புல்லுக்குள் பாதி புதைந்த கான்கிரீட் பதுங்கு குழி. ஒரு காலத்தில் இங்கே எல்லை தாண்டினால் சுடுவார்கள் என்றாய். அதன் மேல் உட்கார்ந்துதான் நான் ஷூவைக் கழற்றி உள்ளே போன கல்லைத் தட்டினேன்.

192 கிலோமீட்டர், அல்பேனியா, மாண்டினீக்ரோ, கொசோவோ என்று மூன்று நாடுகள், ஒரே பாதை. அவரவர் பகுதிப் பாதையை அவரவர் தனியாகப் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு முகட்டில் மொட்டையாக நின்றிருக்கும். வட்டமாகச் சேர்ந்ததால்தான் பத்து நாள் நடக்க ஆள் வருகிறது, காசும் வழியிலுள்ள வீடுகளில் இறங்குகிறது.

சரி, கணக்கு எழுதியே நரைத்தவன் புத்தி வேறெங்கே போகும்? உன்னுடையது இன்டர்ரெக் திட்டம், அதாவது எல்லை தாண்டிய கூட்டு வேலைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் திட்டம் என்கிறாய். 1990இலிருந்து நடப்பது, நல்லதுதான். ஆனால் அதில் பெரும்பாலும் முதலில் கைக்காசைச் செலவழித்து, ரசீது காட்டி, அப்புறம்தான் பணம் வாங்கவேண்டும். நகராட்சி தாங்கும். இரண்டு அறையை வாடகைக்கு விடும் வீட்டுக்காரம்மா தாங்குவாரா? கூட்டாளிகள் பட்டியலில் அவரைப்போன்ற ஒருவராவது இருக்கிறாரா என்று பார்.

இன்னொன்று. பாறையில் சிவப்பு வெள்ளைக் குறி வெளுத்துப்போய் நாம் ஒரு மணி நேரம் அலைந்தது நினைவிருக்கிறதா? ஆட்டுக்காரர் விசில் அடித்திருக்காவிட்டால் இருட்டியிருக்கும். திறப்பு விழாவுக்கு எல்லா நாட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். மூன்று வருடம் கழித்து, நிதி தீர்ந்த பிறகு, அந்தக் குறிக்கு மறுபூச்சு பூச யார் ஏறுவார்கள்? எந்த நாட்டுக் கணக்கில் டப்பா வாங்குவார்கள்? முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

என் முழங்கால் இப்போது தேவலை. அடுத்த கோடையில் கொசோவோ பக்கம் நடக்கலாம். எல்லை அனுமதிச் சீட்டு இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிப் போடு.

அன்புடன்,
அப்பா