கவலைப்படுகிறவர் விசுவாசி இல்லையா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனப்பதற்றத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அவற்றுள் ஒரு கடிதம், உண்மையான கிறிஸ்தவ விசுவாசம் உள்ளவரிடம் கவலைக்கு இடமே இராது என்றும், கவலைப்படுவது ஆண்டவரை நம்பாததன் அடையாளம் என்றும் கூறியிருந்தது. எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஒருவர் அந்த வாக்கியத்தைப் படித்தால் அவருக்கு என்ன ஆகும் என்பதை நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் அதே வாக்கியத்தை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்.

அப்போது நான் ஒழுங்காக உறங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. நள்ளிரவு கடந்து விழிப்பு வரும். காரணம் எதுவும் இல்லாமலேயே நெஞ்சு படபடக்கும், கைகள் சில்லிடும், மறுநாள் செய்ய வேண்டிய மிகச் சிறிய வேலைகூட மலைபோல் எழுந்து நிற்கும். ஜெபக்கூட்டம் ஒன்றில் இதை வெட்கத்தோடு சொன்னபோது, எனக்கு விசுவாசம் போதவில்லை என்று பதில் வந்தது. அன்றிரவு பழைய பயத்தோடு புதிய பயம் ஒன்றும் சேர்ந்துகொண்டது: ஆண்டவரும் என்மேல் வருத்தமாக இருக்கிறாரோ? ஆறுதல் தேடிப் போன வாசலிலேயே ஆறுதல் பறிபோனதுபோல் இருந்தது.

இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது, அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் வரும் ‘நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்ற வசனத்தையே. அதைத் தனியே பிய்த்தெடுத்தால் அதட்டலாகத்தான் ஒலிக்கும். ஆனால் அதற்கு முந்தைய வாக்கியம் ‘கர்த்தர் சமீபமாயிருக்கிறார்’ என்பது. அருகில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் பவுல் கவலைப்பட வேண்டாம் என்கிறார். கவலையை விட்டால்தான் அவர் அருகில் வருவார் என்று எங்கும் சொல்லவில்லை. மேலும், அந்த நிருபத்தை அவர் சிறைக்கட்டுகளில் இருந்து எழுதினார். தேவசமாதானம் இருதயத்தைக் ‘காத்துக்கொள்ளும்’ என்ற இடத்தில் மூலக் கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல், படைவீரர்கள் ஓரிடத்தைக் காவல் காப்பதைக் குறிப்பது. தாமே காவலில் இருந்த மனிதர் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதை எண்ணும்போது அந்த வசனம் எனக்கு வேறு தொனியில் கேட்கிறது.

அதே பவுல், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தம்மை நாள்தோறும் நெருக்குவதாக ஒப்புக்கொள்கிறார். அங்கே ‘கவலை’ என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல்லும், பிலிப்பியரில் ‘கவலைப்படாமல்’ என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. கவலையே இல்லாதவர்தான் விசுவாசி என்றால், முதலில் பவுலையே சபையிலிருந்து வெளியேற்ற வேண்டியிருக்கும்.

‘அற்பவிசுவாசிகளே’ என்று இயேசுவே கடிந்துகொள்ளவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புயலில் படகில் இருந்த சீடர்களிடம் அவர் அப்படிக் கேட்டார். இயேசுவின் வரலாற்றை எழுதியவர்களுள் மத்தேயுவின் பதிவில் கேள்வி முதலிலும் அமைதி பின்னரும் வருகின்றன, மாற்குவின் பதிவில் அந்த வரிசை மாறி, காற்று அடங்கிய பிறகே கேள்வி வருகிறது. ஆனால் பயந்தவர்களைப் படகிலேயே வைத்துக்கொண்டுதான் அவர் பேசினார் என்பதிலும், அவர்களுக்கு விசுவாசம் பெருகும்வரை காத்திருக்காமல் கடலை அமர்த்தினார் என்பதிலும் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

சிலுவை மரணத்துக்கு முந்தைய இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை இங்கே நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. அங்கே இயேசு திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அவர் தம் நண்பர்களிடம் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார், அவர்களோ உறங்கிவிட்டார்கள். ஒரே வார்த்தைகளைச் சொல்லி மூன்று முறை ஜெபித்தார். ஒருமுறை ஜெபித்துவிட்டு அதையே மறுபடியும் கேட்பது அவிசுவாசம் என்று எனக்குச் சொல்லப்பட்டதுண்டு. அந்த இரவை வாசித்தபின் அதைக் காதில் போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டேன். ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ என்ற கேள்வியும் வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 42, 43ஆம் சங்கீதங்களில் மூன்று முறை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் முறை கேட்டபோதே கலக்கம் தீர்ந்திருந்தால் மற்ற இரண்டு முறைக்குத் தேவை இருந்திராது. 88ஆம் சங்கீதமோ இருளைப் பற்றிய சொல்லோடு முடிந்துவிடுகிறது; யாரும் அதற்கு ஆறுதலான கடைசி வரி ஒன்றைச் சேர்க்காமல் அப்படியே வேதாகமத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். விடியாத இரவுகளில் எனக்கு மிகவும் உதவியது அந்தச் சங்கீதம்தான் என்றால் சிலர் வியக்கலாம்.

மருத்துவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்தனர். சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அது கிடைக்கிறது. சாதாரணக் கவலைக்கும் சிகிச்சை தேவைப்படும் நோய்க்கும் வேறுபாடு உண்டு. அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலையே தவிர, பிரசங்கியாரின் வேலை அன்று. மாத்திரை எடுப்பது ஆண்டவரைச் சந்தேகிப்பதாகும் என்பவர்கள் எலியாவின் கதையை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும். உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்ட அந்தத் தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், உறங்கவிட்டான், மறுபடியும் எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிடச் செய்தான். மெல்லிய சத்தத்தில் ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெயர்பெற்ற லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன், 1856இல் தம் கூட்டத்தில் எழுந்த பொய்யான தீ எச்சரிக்கையால் ஏற்பட்ட நெரிசலில் ஏழு பேர் இறந்தபோது இருபத்திரண்டு வயது இளைஞர். அதன்பின் மனச்சோர்வு அவரை விட்டு முழுமையாக நீங்கவில்லை. அவர் அதை மறைக்கவும் இல்லை. ஊழியத்துக்குப் பயின்ற தம் மாணவர்களிடம் அதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்.

அப்படியானால் விசுவாசம் என்னதான் செய்கிறது? என் அனுபவத்தை மட்டுமே சொல்ல முடியும். அது என் படபடப்பை அணைத்துவிடவில்லை. படபடக்கும் நேரத்தில் தனியாக இருக்கிறேன் என்ற எண்ணத்தை அகற்றியது. நீண்ட ஜெபத்துக்கு மனம் கூடாத இரவுகளில், ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்ற 56ஆம் சங்கீதத்தின் ஒற்றை வரியை மூச்சின் போக்கிலேயே சொல்லிக்கொண்டிருப்பேன். பயப்படுகிற நாள் உண்டு என்பதை மறுக்காத வரி அது. நமது பழைய மொழிபெயர்ப்பும் எனக்கு ஓர் உதவி செய்தது. 94ஆம் சங்கீதத்தில் ‘என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்’ என்று வருகிறது. பேதுருவின் முதலாம் நிருபமோ ஆண்டவர் நம்மை ‘விசாரிக்கிறவர்’ என்கிறது. மனதை அரிக்கும் கவலையும் விசாரம்தான், வாசலில் வந்து நலம் கேட்பதும் விசாரிப்புதான். என் விசாரத்தை என்னை விசாரிக்கிறவரிடம் ஒப்படைக்கிறேன் என்று தமிழில் சொல்ல முடிவதே எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

ஆகவே, தங்கள் நாளிதழ் வழியாகப் போதகர்களையும் சபை மூப்பர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உறக்கமின்றி வருகிறவரிடம் அவருடைய விசுவாசத்தை அளக்கும் முன், அவர் மருத்துவரைப் பார்த்தாரா என்று கேளுங்கள். தேவையானால் உடன் செல்லுங்கள். என் சபையில் வயதில் மூத்த அம்மையார் ஒருவர் இருந்தார். நான் முதன்முதலாக மனநல மருத்துவரிடம் சென்ற நாளில் அவர்தான் என்னோடு வந்து வெளியே காத்திருந்தார். எனக்கு அவர் எந்த வசனத்தையும் எடுத்துச் சொன்னதாக நினைவில்லை. அடுத்த பல மாதங்களுக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் தொலைபேசியில் அழைத்து, நேற்று தூங்கினாயா, ஏதாவது சாப்பிட்டாயா என்று மட்டும் விசாரிப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்